மலையேறிப் போய் மாலையில் இறங்குகிறவர்களுக்கு எந்த ஒப்பந்தம்?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போகிற இளைஞர் பத்தாம் வகுப்பு தேறாதவராக இருந்தால், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயமாக வருகிறது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். அதே வீட்டிலிருந்து அவருடைய தாயார் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார். அவருக்கு அனுமதி தேவையில்லை, நல்லதுதான். ஆனால் அன்றைக்கு அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார், யாரிடம் கூலி வாங்கினார் என்பதற்கு இரண்டு மாநில அரசுகளிடமும் ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது. கடல் தாண்டுகிற மகனுக்கு இருக்கிற ஏற்பாடு மலை தாண்டுகிற தாய்க்கு இல்லை.

ஜீப் கவிழ்ந்து ஆள் சாகும்போதெல்லாம் தேனி மாவட்டத்தில் மனுக்கள் எழுதப்படுகின்றன. நிவாரணம் கேட்கிறோம், அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதைத் தடுக்கச் சொல்கிறோம். சோதனைச் சாவடியில் ஒரு வாரம் கெடுபிடி நடக்கும், அப்புறம் பழையபடிதான். தமிழ்நாடும் கேரளமும் இந்தத் தொழிலாளர்களுக்காக முறையான உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. எந்த மாதிரி உடன்பாடு என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்து நாடுகளின் அரசுகள் இதே சிக்கலை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல விதங்களில் கையாண்டு பார்த்திருக்கின்றன. அவற்றில் எதைக் கேட்பது, எதைத் தப்பித்தவறியும் கேட்டுவிடக் கூடாது என்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

யாருக்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்கள் கேரள வாக்காளர்கள். அவர்களுடைய போராட்டம் வீட்டுக்கும் நிலத்துக்கும் கூலிக்குமானது. அது தனியாகப் பேச வேண்டியது. இங்கே பேசுவது கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று சாலைகளில் ஏறி, உடும்பன்சோலை, பீர்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை முடித்து அன்றன்றே இறங்கி வருகிறவர்களைப் பற்றி. பெரும்பாலும் பெண்கள். திருவிதாங்கூர் காலத்து எல்லைக்கோடு 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதும் இந்த மலை உச்சியில் அப்படியே நின்றுவிட்டது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்.

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கினால் தை மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு செடியில் எடுத்துவிட்டால் ஏறத்தாழ நாற்பது நாள் கழித்துத்தான் மறுபடி அதே செடிக்கு வருவார்கள். அதனால் இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறு தோட்டம். முதலாளி மாறிக்கொண்டே இருப்பார். ஜீப்பும் ஆள் கூட்டுகிறவரும்தான் மாறாதவர்கள். எந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த ஓட்டத்துக்கு அது ஈடுகொடுக்குமா என்று பார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகளை எல்லா வழிகளிடமும் கேட்கப் போகிறேன். மலைச்சாலை வளைவில் ஜீப் கவிழ்ந்தால் யார் பொறுப்பு? கூலி பாக்கி நின்றுவிட்டால் எங்கே போய் யாரிடம் கேட்பது? எல்லை அடைபட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வி கற்பனையானதல்ல. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுப்பாதை வழியாகத் தேனிக்கு உயிர் பிழைத்து இறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மலைப்பாதைகள் மூடப்பட்டன. வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலும் இருக்கிறவர்களை இரண்டு அரசுகளின் உத்தரவுகளும் மறந்துவிட்டன.

முதல் வழி, எதுவும் எழுதிக்கொள்ளாமல் கதவை மட்டும் திறந்து வைப்பது. இந்தியாவும் நேபாளமும் 1950 ஜூலை 31-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும் சொத்து வாங்கவும் தொழில் செய்யவும் நடமாடவும் உரிமை தருகிறது. கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. ஏழைக்கு இது பெரிய வரம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிற நேபாளத் தொழிலாளி தன் அரசிடம் தொழிலாளர் அனுமதி வாங்குகிறார்; அதனோடு காப்பீடும் நல நிதியும் சேர்ந்து வருகின்றன. இந்தியாவுக்கு வருகிறவருக்கு அனுமதி வேண்டியதில்லை என்பதால் அந்த நல நிதியும் இல்லை. கம்பத்துத் தாய்க்கும் மகனுக்கும் இடையில் உள்ள அதே வித்தியாசம்.

நாம் இப்போது இருப்பது இந்த நேபாள வழியில்தான். அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எங்கும் போகலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்கிறது. அதற்கு மேல் இரண்டு மாநிலங்களும் எதுவும் செய்யவில்லை. என் மூன்று கேள்விகளுக்கும் இந்த வழியில் பதில் ஒன்றுதான்: அவரவர் பாடு.

‘ஏன், சட்டம் இருக்கிறதே’ என்று சொல்பவர்கள் உண்டு. 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் இருந்தது. ஒப்பந்தக்காரர் இரண்டு மாநிலங்களிலும் உரிமம் வாங்க வேண்டும், புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் தர வேண்டும், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஒப்பந்தக்காரர் மூலம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு எடுத்தால்தான் அது பொருந்தும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநரிடம் போய் ‘நீங்கள் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரா’ என்று கேட்டால் சிரிப்பார்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தச் சட்டத்தையும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் விழுங்கிவிட்டன. புதிய வரையறையில் தானாகவே வேலை தேடி வந்தவரும் அடக்கம், அது முன்னேற்றம். மாதக் கூலி 18,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்க வேண்டும், நிறுவனத்தில் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். கொடுக்கும் சலுகைகளைப் பாருங்கள்: சொந்த ஊர் போய்வர ஆண்டுக்கு ஒருமுறை பயணப்படி, வந்த மாநிலத்திலேயே ரேஷன் வாங்கிக்கொள்ளும் வசதி. தினமும் சொந்த ஊர் திரும்புகிறவருக்கு இவற்றால் என்ன பயன்? வீட்டை விட்டுப் போய்த் தங்குகிறவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது.

நம்மூர்ச் சட்டம் மட்டும் இப்படி இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் கொண்டுவந்த 97-ஆம் எண் உடன்படிக்கை, இடம்பெயரும் தொழிலாளர்களுக்கான அடிப்படை ஆவணம். அதிலேயே எல்லை தாண்டித் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கு எழுதியிருக்கிறது. 1990-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கைதான் அவர்களைத் தனி வகையாகப் பெயர் சொல்லி உள்ளே சேர்த்தது. இந்தியா இரண்டையும் ஏற்கவில்லை.

இரண்டாவது வழி தாய்லாந்துடையது. 2002-இல் லாவோஸுடனும் 2003-இல் கம்போடியா, மியான்மருடனும் தாய்லாந்து புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதலாளி ஆள் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இரு நாட்டு முகவர்களும் அதைக் கையாள்வார்கள். கடவுச்சீட்டு, விசா, வேலை அனுமதி எல்லாம் வரிசையாக வரும். அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். காகிதத்தில் எல்லாம் சுத்தம். நடைமுறையில் செலவும் நாளும் அதிகமானதால் பெருங்கூட்டம் பழைய குறுக்கு வழியிலேயே போனது; அரசு மீண்டும் மீண்டும் பொதுப் பதிவு நடத்தி அவர்களைச் சட்டத்துக்குள் இழுக்க வேண்டியிருந்தது. எல்லையோர மாவட்டங்களில் அன்றாடம் வருகிறவர்களுக்காக மூன்று மாத அனுமதி என்ற தனிக் கதவையும் பிறகு திறந்தார்கள். எல்லையோரத்துக்குப் பெரிய கதவு ஒத்துவராது என்று தாய்லாந்தே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதை வாசிக்கிறேன். போடிமெட்டில் அனுமதிச் சீட்டு முறை வந்தால், சீட்டு வாங்கித் தருகிற இடைத்தரகர் ஒருவர் மறுநாளே கடை போட்டுவிடுவார். இதைக் கேட்கவே கூடாது.

மூன்றாவது வழியில் ஆசைப்பட வேண்டியதும் அஞ்ச வேண்டியதும் கலந்திருக்கின்றன. கனடா 1966-இல் ஜமைக்காவிலிருந்து 264 பேரைப் பழத்தோட்ட வேலைக்கு வரவழைத்துத் தொடங்கிய பருவகால வேளாண் தொழிலாளர் திட்டம், 1974-இல் மெக்சிகோவையும் சேர்த்துக்கொண்டு இன்றுவரை நடக்கிறது. ஓர் ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. தொழிலாளி கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் வாசகத்தை இரு அரசுகளும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள். எனக்குப் பிடித்த அம்சம் தொடர்பு அதிகாரி. அனுப்பும் நாட்டு அரசின் ஆள் கனடாவில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் தகராறு என்றால் தொழிலாளி தன் மொழியில் அவரிடம் சொல்லலாம்.

அஞ்ச வேண்டியது இது: அந்தத் திட்டத்தில் தொழிலாளி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டவர். அடுத்த ஆண்டு தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா என்பது அந்த முதலாளியின் விருப்பம். புகார் செய்கிறவரை யார் கூப்பிடுவார்கள்? தொடர்பு அதிகாரிக்கும் தர்மசங்கடம்தான். கறாராகப் பேசினால் அடுத்த ஆண்டு முதலாளிகள் வேறு நாட்டிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வார்கள். இடுக்கியில் இந்த நெருக்கடி ஏற்கெனவே இருக்கிறது. அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தேனிப் பெண்களுக்கு இருக்கிற ஒரே பலம், இந்தத் தோட்டம் பிடிக்காவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்பது. அதைப் பறிக்கிற எந்த ஒப்பந்தமும் வேண்டாம். தொடர்பு அதிகாரியை மட்டும் கனடாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது வழியில் நிதானமாக நடக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1958-இல் பிறந்தவுடன் இயற்றிய முதல் விதிகளிலேயே ஒன்று, நாடு மாறி வேலை செய்கிறவர்களின் சமூகப் பாதுகாப்பு பற்றியது. எல்லைப் பணியாளர்களுக்கென்று 1963-இல் தனி விதி வந்தது. இன்று நடப்பில் இருப்பது 2004-ஆம் ஆண்டின் 883-ஆம் எண் ஒழுங்குமுறை. 2010 மே 1 முதல் அமலில் உள்ளது. ஒரு நாட்டில் வேலை செய்து, இன்னொரு நாட்டில் உள்ள வீட்டுக்கு வழக்கமாகத் தினமும் அல்லது வாரம் ஒருமுறையாவது திரும்புகிறவர் எல்லைப் பணியாளர் என்று அது வரையறுக்கிறது. நம் ஜீப்பில் ஏறுகிறவரை அச்சு அசலாகப் படம் பிடித்த வாசகம். லக்சம்பர்க் என்ற குட்டி நாட்டில் வேலை செய்கிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து இப்படித் தினமும் வந்து போகிறவர்கள். ஆகவே ஓரிருவருக்காக எழுதிய சலுகை என்று இதை நினைக்க வேண்டாம்.

நாடுகளின் சட்டங்களை அந்த ஒழுங்குமுறை ஒன்றாக்கவில்லை. ஒவ்வொரு நாட்டின் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அப்படியே இருக்கின்றன. எந்த நேரத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது: வேலை நடக்கும் இடத்தின் சட்டம். ஒரே ஒரு சட்டம். இரண்டு பக்கமும் சந்தா கட்ட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் கைவிரிக்கவும் முடியாது. நோய் வந்தால் வீடு இருக்கிற நாட்டில் சிகிச்சை எடுக்கலாம், வேலை நாட்டிலும் எடுக்கலாம். செலவை ஏற்பது வேலை நாட்டின் காப்பீடு. வேலை முற்றிலும் போய்விட்டால் உதவித்தொகை கொடுப்பது வீடு இருக்கிற நாடு. அதில் முதல் மூன்று மாதத் தொகையை வேலை வாங்கிய நாடு திருப்பிக் கொடுக்க வேண்டும். தொழிலாளி எங்கும் அலைய வேண்டாம். அலுவலகங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது ஒரு சின்ன விதி. ஒரு நாட்டின் அலுவலகம் ‘இவர் எங்கள் காப்பீட்டில் இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்த சான்றை மற்ற நாட்டு அலுவலகம் ஏற்றே ஆக வேண்டும். கொடுத்தவர் திரும்பப் பெறும்வரை அதற்கு மறுப்பு கிடையாது. நம்முடைய நோயின் வேரும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சட்டத்தில் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், பணியின்போது நடந்த விபத்தாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் 1995-இல் செய்த திருத்தத்திலிருந்தே மனுதாரர் வசிக்கும் ஊரிலும் கொடுக்கலாம். கேரளத்து மலையில் அடிபட்டவர் தமிழ்நாட்டில் வழக்குத் தொடுக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது.

உள்ளே போனதும் முதல் கேள்வி: நீங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அங்கே முடிந்துவிடுகிறது கதை. கூலி கையில் கொடுத்தது. வருகைப் பதிவு தோட்டத்துக்காரரின் நோட்டில் இருந்திருந்தால் அது அவரிடம். ஜீப் சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியாக இருந்தால் காப்பீட்டு நிறுவனம் ‘வாடகைக்கு ஆள் ஏற்றியது நிபந்தனை மீறல்’ என்று கைகழுவப் பார்க்கும். இத்தனைக்கும் ஏலக்காய்க்கு ஏகப்பட்ட பதிவு. போடியிலும் புற்றடியிலும் வாசனைப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு ஏலம் நடக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கணக்கு, ஒவ்வொரு குவியலுக்கும் எண். எடுத்தவருடைய பெயர் மட்டும் எங்கும் இல்லை.

ஐரோப்பாவின் விளிம்பில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது; எனக்கு அதன் மேல் ஒரு கண். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்துக்குப் பக்கத்துப் பிரெஞ்சு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்கு வருகிறார்கள். வருமான வரியை ஜெனீவா பிடித்துக்கொள்கிறது. அவர்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளி, சாலை, குடிநீர் எல்லாம் பிரான்ஸ் பக்கம். இது நியாயமில்லை என்று பேசி 1973-இல் ஓர் உடன்பாடு செய்தார்கள்: எல்லைப் பணியாளர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்தை ஜெனீவா ஆண்டுதோறும் ஓத் சாவுவா, ஏன் (Ain) ஆகிய இரண்டு பிரெஞ்சு மாவட்டங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உழைப்பை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, உழைப்பவரை வளர்த்துக் காக்கும் செலவை மறு பக்கத்தின் தலையில் கட்டக் கூடாது என்ற கணக்கு. போடிமெட்டுச் சாலையில் அடிபட்டவரைக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் செலவு தமிழ்நாட்டுடையது. அவர் எடுத்த காயால் வரும் வருமானம் மலைக்கு மேலே. எனினும் இதை முதல் கோரிக்கையாக வைக்க நான் தயங்குகிறேன். பணம் கேட்டால் பேச்சுவார்த்தை தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையின் குரலுக்குப் போய்விடும். விபத்துச் சிகிச்சைச் செலவை மட்டும் தோட்ட உரிமையாளரின் காப்பீட்டிலிருந்து ஈடுசெய்யலாம் என்ற அளவில் தொடங்கலாம்.

ஸ்காண்டிநேவிய நாடுகள் 1954-இலேயே பொதுத் தொழிலாளர் சந்தை ஒப்பந்தம் செய்து, அனுமதிச் சீட்டே இல்லாமல் வேலை செய்ய வழிவிட்டன. 2000-இல் டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் எரசுண்ட் பாலம் திறந்து தினப் பயணிகள் பெருகியபோது, அந்தத் தாராளம் போதவில்லை. 2003-இல் தனியாக வரிப் பகிர்வு உடன்பாடு தேவைப்பட்டது. திறந்த கதவு மட்டும் போதாது என்பதற்குப் பணக்கார நாடுகளிலும் சாட்சி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

வட அமெரிக்காவில் 2020-இல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தம், தொழிற்சங்க உரிமை மறுக்கப்படும் குறிப்பிட்ட ஆலையின் மீதே புகார் எழுப்ப வழி செய்தது. மெக்சிகோவில் ஒரு கார் ஆலையின் மீது 2021-இல் அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஏலக்காயை வாங்குகிற பக்கத்திலிருந்து நெருக்குதல் கொடுக்கும் இந்த யோசனை கவர்ச்சியானது. ஆனால் விலை சரிந்த ஆண்டில் முதலில் அடிபடுகிறவர் கூலிக்காரர்தான் என்பதால் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு 2014 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டில் தொழிலாளர் இடப்பெயர்வில் ஒத்துழைப்போம் என்று தீர்மானம் போட்டதோடு சரி. அதற்குப் பிறகு உச்சிமாநாடே கூடவில்லை.

‘அவையெல்லாம் நாடுகள்; நாம் மாநிலங்கள், நமக்கு அதிகாரம் உண்டா?’ என்ற கேள்வி வரும். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஒடிசாவும் ஒன்றுபட்ட ஆந்திரமும் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்காக 2012-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட முன்னுதாரணம் உண்டு. தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தம் போடத் தெரியாதவர்களும் இல்லை. பெரியாற்று நீருக்கு 1886-இல் திருவிதாங்கூருடன் போட்ட 999 ஆண்டுக் குத்தகை இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறுக்கு 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. எந்தத் தடத்தில் எத்தனை பஸ் ஓடலாம் என்பதற்கும் உடன்பாடு இருக்கிறது. பேசுவதற்கு இடமும் தயாராக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தில் பிறந்த தென்மண்டலக் கவுன்சில், 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் தன் 30-ஆவது கூட்டத்தை நடத்தியது. அங்கே எடுத்துவைக்கலாம். என்னைக் கேட்டால் முதலமைச்சர்கள் மட்டத்துக்குக் கொண்டுபோகுமுன் தேனி, இடுக்கி ஆட்சியர்களும் இரு தொழிலாளர் துறைகளும் கையெழுத்திடக்கூடிய அளவில் தொடங்குவது மேல். மேலே போகப் போக முல்லைப் பெரியாறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொழிலாளர்களின் தயக்கத்தைத் தாண்டாமல் எந்த உடன்பாடும் நிலைக்காது. பதிவு என்றாலே பெண்கள் பின்வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் அறியாமை இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கிடையாது. கேரளத்துக் கூலி எழுத்தில் ஏறினால் அது போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. தோட்டத்துக்காரருக்கு இன்னொரு கணக்கு: தினம் வந்து போகிறவருக்குப் பதிவும் காப்பீடும் கட்டாயம், தங்கியிருக்கிற வடமாநிலத்தவருக்கு அது நடைமுறையில் இல்லை என்றால் அவர் யாரை எடுப்பார்? ஆகவே பதிவுச் செலவு யாரை வேலைக்கு எடுத்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவேட்டை விபத்து, கூலி, எல்லைக் கடப்பு ஆகிய மூன்று காரியங்களுக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உடன்பாட்டிலேயே எழுத வேண்டும். இந்த இரண்டும் இல்லாத உடன்பாட்டுக்கு நேபாள வழியே தேவலை என்று பெண்கள் சொன்னால் நான் அவர்கள் பக்கம் நிற்பேன்.

ஆகவே என் தேர்வு ஐரோப்பிய வழி. அதன் நீண்ட பட்டியலில் நம்மால் இன்றைக்குத் தூக்க முடிந்த பகுதி மட்டும். முதலில், அன்றாடப் பெயர்ப் பட்டியல். காலையில் வண்டி புறப்படுமுன் யார் யார் ஏறினார்கள், எந்தத் தோட்டத்துக்கு என்பது கைபேசியில் பதிவாகி, இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் பார்க்கும்படி இருக்க வேண்டும். முதலாளி தினமும் மாறினாலும் இந்தப் பட்டியல் மாறிக்கொள்ளும். யாரையும் யாரோடும் கட்டிப்போடாது. ஒரு மாநிலத்தில் பதிவானதை மற்ற மாநிலத்து அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் வேலைக்கான ஆதாரமாக ஏற்க வேண்டும். தவறு என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்து, ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு இரு மாநிலங்களிலும் செல்லுபடியாகும் வாடகை அனுமதி, இருக்கை எண்ணிக்கைக்கு ஏற்ற காப்பீடு. இரண்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து காலை மாலை தோட்டத் தடங்களில் சிறு பஸ் விட்டால் இன்னும் நல்லது. மூன்று மலைச்சாலைகளிலும் நடக்காவிட்டாலும் ஒன்றிலாவது தொடங்கலாம்.

கூலிப் பாக்கிக்கு நெடுங்கண்டத்தில் தமிழ் தெரிந்த தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரும், உத்தமபாளையத்தில் மலையாளம் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். மனு உத்தமபாளையத்தில் வாங்கப்பட்டு நெடுங்கண்டத்தில் விசாரிக்கப்படும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையேறிப் போய் அலுவலகத்தின் முன் நிற்கும் கட்டாயம் இருக்காது. எல்லை மூடும் நிலை வந்தால் பட்டியலில் உள்ளவர்கள் எந்தச் சாவடியில், எந்த நேரத்தில், யார் பாதுகாப்பில் கடப்பார்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். 2020 மார்ச் 30-இல் ஐரோப்பிய ஆணையம் எல்லைப் பணியாளர்களைத் தடையின்றி விட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அவர்கள் யார் என்பது முன்பே எழுதப்பட்டிருந்ததால் அது சுலபமாக இருந்தது.

ஒரு பருவத்துக்கு, ஒரு சாலையில், சோதனையாகச் செய்து பார்க்கலாம். கம்பம்மெட்டைச் சொல்வேன், சாவடிக்கு இரு பக்கமும் ஊர் இருக்கிறது, தோட்டங்களும் கிட்டத்தில். ஆடியில் காய் எடுப்பு தொடங்குமுன் பட்டியல் தயாராக வேண்டுமானால், மனு சித்திரையிலேயே இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் ஒரே வாசகத்தில், தமிழிலும் மலையாளத்திலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.